தேசம்மா கேட்ட முகவரி

அன்புள்ள ஜெரால்டு,

நீ புனேவுக்கு ரயில் ஏறிப் பதினோரு நாள் ஆகிறது. தினமும் போனில் பேசுகிறோம். சாப்பாடு எப்படி, ரூமில் தண்ணீர் வருகிறதா, கூட இருக்கிற பையன் எந்த ஊர் என்றெல்லாம் கேட்கிறேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் நீ முகத்துவாரக்குப்பம் போய் வந்தாய். உன் சிநேகிதன் தீனாவின் அம்மா தேசம்மாவின் வீடு பூட்டியிருந்தது என்றாய். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "என்னாலதானம்மா அவங்க ஊர விட்டே போய்ட்டாங்க?" என்று கேட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் இன்னொரு தண்ணீர் மாற்றினேன். எனக்குத் தெரியும், ஜெரால்டு. அவர்கள் போனது உன்னால் இல்லை, என்னால். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அழுதுவிடுவேன், பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். படித்த பிறகு இதை ஒளித்துவைக்க வேண்டாம். யாரிடம் காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. இதே ஊரில் இதே அலைச்சல் அலைகிற வேறு அம்மாக்கள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான் பார்த்த பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் தீனாவும் அவன் மாமாவின் படகில் எண்ணூர் முகத்துவாரம் வரை போனீர்கள். பாலிடெக்னிக்கில் முதல் நாளிலிருந்து ஒரே பெஞ்சு நீங்கள் இரண்டு பேரும். உனக்கு நீச்சல் தெரியாது. படகு சாய்ந்து நீ விழுந்ததும் அவன் குதித்தான். உன்னைத் தள்ளிப் படகைப் பிடிக்க வைத்தான். வடிகிற நீரின் இழுப்பில் அவன் போய்விட்டான். கடலோடு வளர்ந்த பிள்ளை போய்ச் சேர்ந்தான், காலடிப்பேட்டை சந்தில் வளர்ந்த பிள்ளை திரும்பி வந்தான். ஊரே இதைத்தான் பேசியது. நானும் உள்ளுக்குள் ஆண்டவரிடம் நன்றி சொன்னேன். தேசம்மா மணலில் புரண்டு அழுதுகொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளி நின்று, என் பிள்ளை உயிரோடு இருக்கிறானே என்று நன்றி சொன்னேன். என் முதல் குற்றமாக அதை எழுதிக்கொள்.

நீ பேசுவதை நிறுத்தினாய். கேட்டால் தலையாட்டுவாய், அவ்வளவுதான். உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டிய கை. எதையும் தூக்கி இந்தப் பக்கம் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். "அவன் இன்னா பைத்தியமா? நாலு நாளு வேலைக்கிப் போனா தானா சரியாப் பூடும். ஆஸ்பத்திரி அது இதுன்னு இட்டுகினு போயி பேர கெடுக்காத" என்றார். அவர் மேல் கோபப்படாதே. பயந்த மனுஷன், கத்தத்தான் தெரியும். நான் அவருக்குத் தெரியாமல் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரிடம் கேட்டேன். மாதவரத்தில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், டயர் கடை மாடியில் ஒருத்தர் இருக்கிறார், பெரிய ஆள், கூட்டம் அலைமோதும் என்றாள். போனோம். வாசலில் பெரிய பலகை. பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் ஒரு வரி நிறைய எழுத்துகள். உள்ளே சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். ஜெரால்டு, நான் பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். ஒரு பிள்ளையின் டி.சி.யில் முத்திரை மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பிறந்த தேதியில் ஒரு எழுத்து அடித்திருந்தால் அழவைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் அந்த ஆளிடம், நீங்கள் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்தேன்.

அவர் உன்னை என் எதிரிலேயே கண்ணை மூடச் சொல்லி, தண்ணீருக்குள் என்ன பார்த்தாய் என்று கேட்டார். மறுபடி மறுபடி கேட்டார். உன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். வைத்தியம் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அவர் தீர்ப்பு சொன்னார். "இவன் மனசுல பாவபாரம். அந்தப் பையனோட அம்மா கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கணும். அன்னிக்கே பாரம் இறங்கிடும்." நீ வரமாட்டேன் என்று தலையாட்டினாய். நான்தான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தீனா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

தேசம்மா வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உன்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். உன் தலையைத் தடவத்தான் கையை நீட்டினாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் நீ காலில் விழுந்து, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொன்னாய். இரண்டு மாதத்தில் நீ வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் முகம் மாறியது. "இன்னாத்துக்குடா மன்னிப்பு கேக்கற? நீ இன்னா பண்ண?" அதுவரைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் உன் மேல் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. அதை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் தம்பி முருகன் உள்ளேயிருந்து வந்து உன் சட்டையைப் பிடித்தான். "சொல்லுடா, அப்ப நீ இன்னாடா பண்ண எங்க புள்ளைய?" குப்பமே கூடிவிட்டது. நான் உன்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தேசம்மா பின்னாலேயே ஓடிவந்து, "உடாத முருகா, கேளு, கேளு" என்று கத்தினாள். அன்றைக்கு அறைக்குள் போன நீ ஏழு மாதம் வெளியே வரவில்லை. அந்த ஏழு மாதத்தை உனக்கு நான் கொடுத்தேன். ஆலோசனை சொன்னது அவர், உன் கையைப் பிடித்து இழுத்தது நான்.

அதன்பிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், நீ இல்லாமல், தனியாக. அங்கே ஒரு மனநல மருத்துவர், சின்ன வயசுக்காரர், வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போதும் என்னை உட்காரவைத்துக் கேட்டார். "அம்மா, நான் மருந்து எழுதற டாக்டர். பையனை ஒருமுறை அழைச்சிட்டு வாங்க, பாக்கறேன். ஆனா வாரா வாரம் உக்காந்து பேச, அதுக்குன்னு முறையாப் பயிற்சி எடுத்தவங்க வேணும். அவங்கதான் சைக்காலஜிஸ்ட். இங்க இருக்கறவங்க ரெண்டு பேர், கூட்டத்தப் பாத்தீங்கல்ல. வெளில தேடறதா இருந்தா பலகையப் பாக்காதீங்க. பதிவு எண் கேளுங்க. உண்மையானவங்க சொல்லத் தயங்க மாட்டாங்க" என்றார். டிரைவரிடம் லைசென்ஸ் கேட்பதுபோல. இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பலிகொடுத்தேனே என்று ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட ஆபீசில் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட ஆரம்பித்தேன். ஒருத்தர், "நம்பர் எதுக்கு மேடம், நம்பிக்கைதான் முக்கியம்" என்றார். ஒருத்தி பேச்சையே துண்டித்தாள். இன்னொருத்தர் மூன்றே அமர்வில் புது ஆளாக்கித் தருகிறேன் என்றார். ஒரு பெண் மட்டும், "அக்கா, நான் ஆலோசனைப் படிப்பு ஒரு வருஷம் படிச்சவ. நீங்க சொல்றதக் கேட்டா உங்க பையனுக்கு நான் பத்த மாட்டேன்" என்று சொன்னாள். அவள் நன்றாக இருக்கட்டும். இத்தனை பெரிய ஊரில், திருவொற்றியூரிலிருந்து தாம்பரம் வரைக்கும் பலகைகள் தொங்குகிற ஊரில், பதினேழாவது போனில்தான் வேளச்சேரி சைக்காலஜிஸ்ட் அம்மா கிடைத்தார். நான் கேள்வியை முடிப்பதற்குள் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். "எழுதிக்கிட்டீங்களா? இணையத்துல பட்டியல் இருக்கு, என் பேரு இருக்கான்னு பாருங்க. பாத்துட்டு நாளைக்குக் கூப்பிடுங்க, இன்னிக்கே முடிவு பண்ணாதீங்க" என்றார். பார்த்தேன். இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் திரையை நான் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பிறகு சனிக்கிழமைகள். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறிக் கிண்டி, அங்கிருந்து பஸ். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. முதல் நாளே அந்த அம்மா என்னை வெளியே வராந்தாவில் உட்காரச் சொன்னார். "உள்ளே பேசறத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் சொல்லுவேன்" என்றார். பெற்றவளுக்குத் தெரியக்கூடாத விஷயமா என்று எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வாரம் நீ உள்ளே போய் ஒன்றும் பேசவில்லை என்பது உன் முகத்திலேயே தெரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மூடிய கதவைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதன் மரத்தின் ரேகைகூட மனப்பாடம். ஏழாவது சனிக்கிழமை கிண்டி பிளாட்பாரத்தில் நின்றபோது, "நீ எதுனா சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? கோபம் என்று நினைத்திருப்பாய். அழுதுகொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது.

நீ தேறி, நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்கிய சமயம். ஒரு நாள் காலையில் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் தேசம்மா எதிரே வந்தாள். தலையில் கூடை இல்லை. நான் ஒதுங்கப் பார்த்தேன், அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். பிடியில் கோபமே இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் குப்பத்துக்கே நான் டீச்சரம்மா. "டீச்சரம்மா, உன் புள்ள பேசறானாமே. பசங்க சொன்னாங்க. எங்க இட்டுகினு போன?" என்று கேட்டாள். நான் பையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். "எனுக்கும் ஒரு ஆளு வேணும் டீச்சரம்மா. கூடைய தூக்கினா அவன் கூப்புடற மாரி கீது. திரும்பித் திரும்பிப் பாக்கறேன். சனங்க சிரிக்குது. அந்த எடம் எங்க கீதுன்னு சொல்லு, நானே போய்க்கறேன். அன்னிக்கு உன் புள்ளைய கத்தினேனே, அதையும் எறக்கி வெக்கணும்" என்றாள்.

வேளச்சேரி என்று சொல்ல வேண்டியதுதானே? ஒரே ஒரு வார்த்தை. ஆனால் எனக்கு அந்த நீளமான வராந்தாவும் இரண்டு நாற்காலியும்தான் கண்ணில் தெரிந்தன. நீ கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாய், எதிரே தேசம்மா உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி நீ அறைக்குள் போய்விடுவாய். அந்த ஏழு மாதம் மறுபடி வரும். சனிக்கிழமை வேண்டாம், வேறு கிழமை போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவிடம் கேட்டால் வேறு நல்ல ஆளைச் சொல்லியிருப்பார். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அந்த நிமிஷத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான். "மாதவரத்துல ஒருத்தர் இருக்கார் அக்கா" என்றேன். "எழுதிக் குடு, எனுக்கு மறந்துடும்" என்றாள். பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, என் கையெழுத்தில், பஸ் நிலையம், டயர் கடை, மாடி என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இரு" என்றாள்.

எட்டு மாதம் நான் அதைப்பற்றி நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். போயிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்க்கெட்டுக்கு வேறு வழியாகப் போனேன். பிறகு ஒரு நாள் முருகன் பள்ளிக்கூட ஆபீசுக்கு வந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை. நசுங்கிப்போன அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தான். "டீச்சரம்மா, நீங்க சொன்ன எடத்துக்குத்தான் அக்காவ இட்டுகினு போறேன். வாரம் தவறாம. இன்னும் எத்தினி நாளு போணும்னு உங்கள கேக்கலாம்னு வந்தேன். உங்க புள்ளைக்கு எத்தினி நாள்ல சரியாச்சு?" என்று கேட்டான். என்னை நம்பிக் கேட்டான். என்ன நடக்கிறது அங்கே என்று கேட்டேன். கண்ணை மூடச் சொல்கிறாராம். காலி நாற்காலியைக் காட்டி, தீனா உட்கார்ந்திருக்கிறான், பேசு என்கிறாராம். பேசிக்கொண்டே இருக்கும்போது, போதும், அடுத்த வாரம் என்று எழுப்பி அனுப்பிவிடுகிறாராம். கடைசியாக, உன் வளர்ப்பில்தான் கோளாறு, பிள்ளையை அடக்கி வைத்திருந்தால் குதித்திருக்க மாட்டான் என்று சொல்லியிருக்கிறார். "அதுலருந்து யேவாரத்துக்குப் போறதில்ல டீச்சரம்மா. செவுத்தாண்ட திரும்பிக்கினு படுத்துக்குது. பழவேற்காட்டுல எங்க பெரியக்கா வூட்ல உட்டுடலாம்னு கீறேன்" என்றான் முருகன்.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன் டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டான். சீட்டை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த மாதவரத்து ஆள்மேல் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது பலகையில் டாக்டர் என்ற சொல் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது. படியில் வழக்கம்போலக் கூட்டம்.

வேளச்சேரி அம்மாவிடம் கேட்டு, பொன்னேரிப் பக்கத்தில் பதிவு பெற்ற ஒரு சைக்காலஜிஸ்டைக் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை எண்ணை நானே சரிபார்த்தேன், அவரிடம் பேசினேன், நாள் வாங்கினேன். உன்னிடம் ராயபுரம் மாதாகோயிலில் வேலை என்று சொல்லிவிட்டுப் பழவேற்காட்டுக்குப் போனேன். அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தேசம்மா அவள் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். முருகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவள் என்னைத் திட்டவில்லை. நான் சொல்வதையெல்லாம் கேட்டாள். இவர் நிஜமாகவே படித்தவர், நான் கூட வருகிறேன், வாரா வாரம் வருகிறேன் என்று கெஞ்சினேன். அவள் தலையை அசைத்தாள். "அவன் எப்டி பொறந்தான், எப்டி நடந்தான், அன்னிக்குக் காலைல இன்னா துன்னுட்டுப் போனான், எல்லாத்தையும் அந்தாளாண்ட சொல்லிட்டேன் டீச்சரம்மா. யாராண்டயும் சொல்லாதத எல்லாம் சொன்னேன். மறுபடி ஒருத்தர் எதுருல உக்காந்து மொதல்லருந்து சொல்ல என்னாண்ட தெம்பு இல்ல. உட்டுடு."

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும், ஜெரால்டு. பொய்யான ஆளிடம் போனால் நாள்தான் வீண் என்று நினைத்திருந்தேன். மனுஷருக்குள் சில கதைகளை ஒரு தடவை சொல்லத்தான் பலம் இருக்கிறது போலிருக்கிறது. அந்த ஒரு தடவையை மாதவரத்து ஆள் தின்றுவிட்டான். அந்த இடத்துக்கு வழி எழுதிக் கொடுத்தது நான். புதிய ஊரில் உனக்கு மறுபடி கனக்க ஆரம்பித்தால், நாளைக்கு, அடுத்த மாதம் என்று தள்ளாதே. அவசரத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஓடவும் செய்யாதே. முதலில் வேளச்சேரிக்குப் போன் போடு, அவரே அங்கே ஒருத்தரைச் சொல்வார். தமிழ் தெரிந்தவராகக் கிடைத்தால் நல்லது. தீனாவோடு நீ பேசிய பாஷையை இந்தியில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. எண் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் ஒரு நிமிஷம்கூட உட்காராதே. உனக்குக் கல்யாணம் ஆனால், வருகிற பெண்ணிடம் இதை மறைக்காதே. மறைக்கச் சொல்லி உன் அப்பாவோ நானோ கெஞ்சினாலும் கேட்காதே. பயத்தில் மறைத்து நான் என்ன செய்தேன் என்று படித்துவிட்டாய்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் எழுந்து கிளம்பும்போது தேசம்மா கூப்பிட்டாள். "ஜெரால்டு எப்டி கீறான்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான், வேலை தேடுகிறான் என்றேன். அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ இட்டுகினு வராத. உன்கூட வந்தா எனுக்கு ஆத்திரம் வரும். அவனா வந்தான்னா, அழுவேன், ஆனா கதவ சாத்த மாட்டேன்னு சொல்லு" என்றாள். ஏழு மாதமாக இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான்.

அடுத்த லீவுக்கு நீ வரும்போது லோக்கல் ரயிலில் போய்ப் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் ஏறு. கடைசி நிறுத்தத்தில் தேசம்மா என்று கேட்டால் யாராவது வீட்டைக் காட்டுவார்கள். நான் வரமாட்டேன்.

உன் அம்மா